கூலன்ட் குறையாத வண்டி

கூலன்ட் குறையவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வாங்கிய நாளிலிருந்து ஏழு வாரமாக, வாரத்துக்கு ஒரு லிட்டர் கணக்கில் அந்தப் பழைய வெள்ளிநிற செடான் கூலன்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு தரையில் விழுந்ததில்லை, ஒரு குழாயில் ஈரமில்லை, எங்கே போகிறதென்று மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் அவள் பானட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்து, மூலையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் இன்ஜினைக் குளிரவைக்கும் அந்தப் பச்சைத் திரவத்தை ஊற்றி, ஊற்றிய மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துத் தேதியும் எழுதி வைப்பாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவள். எதை எதில் ஊற்றினாலும் பக்கத்தில் எழுதாவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். இந்த ஞாயிறு என்னவோ மறந்துவிட்டாள். புதன்கிழமை காலையில் ஞாபகம் வந்து, இன்ஜின் வெந்திருக்கும் என்று பதறிப்போய்த் திறந்தால், பழைய கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு நிறைந்து நின்றது.

"நீங்க ஊத்தினீங்களா?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் வாயில் நுரையோடு பல்துலக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கு அந்த மூடியைத் திறக்கவே தெரியாதே," என்றான். அது உண்மைதான். அச்சகத்தில் வீடு உயரத்துக்கு நிற்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன், கார் பானட்டைக் கண்டால் மட்டும் ஒதுங்கிப்போவான்.

அந்த வண்டியின் வியாதிகளைச் சொல்லி மாளாது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஆணி டப்பாவைக் குலுக்குவது போல மூன்று விநாடி இன்ஜினுக்குள் டைமிங் செயின் கடகடக்கும். சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் நடுங்கும். இன்ஜின் ஆயிலை அளவில்லாமல் எரிக்கும். முன்பலகையில் ஆரஞ்சு விளக்கு ஒன்று வருவதும் போவதுமாக இருக்கும். இதே மாடல் வைத்திருப்பவர்களின் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வந்து தினமும் ஒரே புலம்பலைப் புலம்பினார்கள். செயின் சத்தம், ஆயில், நடுக்கம், கூலன்ட் குறைகிறது, கூலன்ட் குறைகிறது. ஊரெல்லாம் தன்னைப் போல ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு அற்ப ஆறுதல் இருந்தது.

வாங்கும் முன் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய்க் காட்டியிருக்கலாம்தான். வெளியாளிடம் வாங்கியிருந்தால் இரண்டு மெக்கானிக்கை அழைத்துப் போயிருப்பாள். விற்றவன் கூடப்பிறந்த அண்ணன். அண்ணன் வண்டியைப் பார்க்க ஆள் கூட்டிக்கொண்டு போவதும் அவன் முகத்தில் அறைவதும் ஒன்றுதான். அப்பா போன பிறகு படிப்பை விட்டு வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்தவன். அவளுக்கு முப்பத்தாறு வயது ஆன பிறகும் 'பாப்பா' என்றே கூப்பிடுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணி சிறுநீரகம் கெட்டு மூன்றே நாளில் போய்ச் சேர்ந்ததிலிருந்து தனிக்கட்டை. துரும்பாய் இளைத்து, உதடு வெடித்து, சட்டைக்குள் எலும்பாக நின்றவன், "உனக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன் பாப்பா," என்று சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மூணு பேரும் தினமும் ஏறுவீங்கல்ல? பொடிசையும் இதுலதானே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவ?"

தனியாகக் கிடக்கிற மனுஷன், தங்கை குடும்பம் சௌகரியமாகப் போய்வரவேண்டும் என்று நினைக்கிறானே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பரிசோதனைக்கூடத்துக்கு எதிரே பட்டறை வைத்திருந்த மெக்கானிக் டப்பாவைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குறைஞ்சா வந்து அழறீங்க. குறையலைன்னாலும் வந்து அழறீங்களே. நிறைஞ்சிருந்தா நல்லதுதானேம்மா?"

"ஊத்தாம எப்படிங்க ஏறும்?"

அவர் விரலை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கலர் வெளுத்திருக்கே. வெறும் தண்ணி ஊத்திட்டீங்களா?" முகர்ந்தார். கூலன்ட்டுக்கு ஒரு தித்திப்பான ரசாயன வாசனை உண்டு. அவர் எதிர்பார்த்தது அதுவாக இருக்கவேண்டும். விரலை மறுபடி முகர்ந்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "இந்த மாடல்ல இதெல்லாம் சகஜம்மா," என்று பானட்டை இறக்கினார்.

அதே வாரத்தில்தான் பொடிசுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்திருந்தது. ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்து, 'ச'வையெல்லாம் காற்றாக ஊதுகிற மகள். முன்பெல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வரும். இப்போது காலையிலேயே காலியாகிவிடுகிறது என்று டீச்சர் குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார். வெயில் காலம், ஓடியாடுகிற பிள்ளை, குடிக்கட்டும் என்று அவள் பெரிய பாட்டிலாகக் கொடுத்தாள். அதுவும் காலியாக வந்தது. மகள் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு டம்ளரைத் தேடினாள். தொண்டை கடகடக்கக் குடித்து, மூச்சு வாங்கி, மறுபடி நீட்டினாள். குடித்ததெல்லாம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. பாத்ரூமுக்குப் போவது குறைந்திருந்தது. வியர்வை இல்லை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

இந்த வாக்கியத்தை எங்கோ சொல்லியிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிக்க மனம் வரவில்லை.

வண்டி நிற்பது வீட்டோடு ஒட்டிக் கட்டிய ஷெட்டில். தெருப்பக்கம் இரும்பு ஷட்டர், உள்பக்கம் ஹாலுக்குத் திறக்கும் ஒரு கதவு. வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, ஹாலில் வந்து உட்கார்ந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். சூடு ஆறும்வரை ஓடும், இதுவும் சகஜம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். இழுத்து, நின்று, விட்டு, நின்று, மறுபடி இழுத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடிசு சோபாவில் சாய்ந்துகொண்டு, கையில் டம்ளரோடு, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது என்னை மாதிரியே மூச்சு விடுது," என்றாள்.

அவள் கவனித்துப் பார்த்தாள். மகளின் மார்பு ஏறியது, ஃபேன் இழுத்தது. மார்பு இறங்கியது, ஃபேன் விட்டது. எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். சொந்த மகளுக்கு ஊசி குத்துவது இதுவே முதல் தடவை. புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்த்தாள். கிள்ளிய இடம் கூடாரம் போல நின்றது; இறங்க நேரம் எடுத்தது. நரம்பு கிடைக்கவில்லை. கிடைத்தபோது ரத்தம் குழாய்க்குள் சோம்பலாக, கெட்டியாக, வர மனமில்லாமல் வந்தது. முடிவுத்தாளில் சோடியம் நூற்று ஐம்பத்துநான்கு. யூரியா அறுபத்தொன்று. சர்க்கரை எண்பத்துநான்கு. சர்க்கரை வியாதி இல்லை, அதுவரை நல்லது என்று டாக்டர் சொன்னார். உடம்பில் நீர் இல்லை, நிறையக் குடிக்கவையுங்கள் என்றும் சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் குடிக்கிறாள் டாக்டர் என்றதற்கு, எண்ணும்போது தப்பியிருக்கும் என்றார். பதினான்கு வருடம் அளந்து பிழைப்பவளிடம்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுக்குமுன் டப்பாவைப் பார்த்தாள். மேலே இருந்த அளவுக் கோட்டையும் தாண்டி நிறைந்திருந்தது. பச்சை போய்விட்டது. மெல்லிய வைக்கோல் நிறம். அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பெல்லாம் அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்து நிற்குமே, அந்த நிறம். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். தித்திப்பு இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாசனை வந்தது. பால், வியர்வை, தலையணை.

ஒரு சிரிஞ்சில் அதை உறிஞ்சி, கைப்பையில் வைத்து எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், பெயருக்குப் பதிலாக ஒரு எண்ணைப் போட்டு, இயந்திரத்தில் வைத்தாள். கூலன்ட்டை ரத்தம் பார்க்கும் இயந்திரத்தில் வைத்தால் அது திட்டும், பிழை என்று கத்தும், தானும் தன் பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு குழாயைக் குப்பையில் போடலாம் என்று காத்திருந்தாள். இயந்திரம் கத்தவில்லை. சமர்த்தாகத் தாளைத் துப்பியது.

சோடியம் நூற்று முப்பத்தொன்பது. இயல்பு. யூரியா இருபத்திரண்டு. இயல்பு. சர்க்கரை எண்பத்துநான்கு. இயல்பு. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் எதிரே இயல்பு, இயல்பு, இயல்பு. ஒரு ஆரோக்கியமான ஆறு வயதுக் குழந்தையின் ரிப்போர்ட் அது. அவள் மகளுக்கு இருக்கவேண்டிய ரிப்போர்ட், வண்டிக்கு இருந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்றுதான் நினைத்தாள். கூடத்தின் வாசலில் அதற்கு இடம் கொடுக்க மாட்டார்கள். தனியாக ஓட்டிவந்து ஷெட்டில் நிறுத்தி, இனி இதில் யாரும் ஏறப்போவதில்லை என்று சாவியை அலமாரிக்குள் பூட்டினாள். கணவனிடம் தாளைக் காட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு குழாயும் மாறிப்போயிருக்கும்," என்றான். "நீ ஒரு நாள் நல்லா தூங்கு."

சனிக்கிழமை காலை பொடிசு எழுந்திருக்கவில்லை. வாடகை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள். அவள் கட்டிலருகே உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் மகள் கண் திறந்தாள், உதட்டில் ஈரம் வந்தது, இனிச் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும், மகளைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, நேராக ஷெட் கதவைத் திறந்தாள்.

டப்பாவின் மூடி வழியாக வழிந்து, பம்பர் நுனியில் முத்து கட்டித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் விழுந்த அதே வேகத்தில். சொட்டு. சொட்டு. சொட்டு. திரும்பிப் பார்த்தால், அப்பாவின் தோளில் கிடந்த மகளின் உதடு மறுபடி காய ஆரம்பித்திருந்தது.

இணையக் குழுவில் தேடினாள். கூலன்ட் குறைகிறது என்று எழுதியவர்கள் எண்ணிலடங்கா. குறையவில்லை என்று எழுதியவர் ஒரே ஒருவர். இரண்டரை வருடத்துக்கு முன்னால். பெயருக்குப் பதிலாக வண்டியின் படம். வெள்ளி நிறம், இடது பின்கதவில் தட்டையான ஒரு நசுங்கல். அவள் தினமும் துடைக்கும் நசுங்கல்.

'ஊற்றவே இல்லை, குறையவும் இல்லை. இது எனக்கு மட்டும்தானா?'

கீழே யாரோ ஒருவர் கேட்டிருந்தார். 'வீட்டில் யாருக்குத் தாகம்?'

'என் மனைவிக்கு.'

'வீட்டில் எத்தனை பேர்?'

'இரண்டு.'

'நிறையப் பேர் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.'

அதோடு முடிந்திருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, மூணு பேரும் ஏறுவீங்கல்ல என்று கேட்ட அந்தக் குரல்.

அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. திறந்தவனை அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பியிருந்தது. சட்டை பொத்தான்கள் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றன. ஏழு வாரத்தில் பத்து வயது குறைந்திருந்தான். உதடு ஈரமாக, ரோஜா நிறத்தில், பளபளத்தது. அவன் பின்னால், ஹால் சுவரோரம், காலி தண்ணீர் கேன்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. தூசி படிந்த கேன்கள்.

"தெரியுமா உனக்கு?" என்றாள்.

எது தெரியுமா என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஒன்றிலேயே அவளுக்கு எல்லாம் உடைந்துபோனது.

"பிரிஞ்சு போகும்னு சொன்னாங்க பாப்பா," என்றான். "ஒருத்தரா இருந்தா தாங்க முடியாது. மூணு பேர்னா ஆளுக்குக் கொஞ்சம்தானே போகும், தெரியக்கூடத் தெரியாதுன்னு... நான் ரெண்டு வருஷம் தனியா தாங்கினேன் பாப்பா. ரெண்டு வருஷம்."

"பிரியலை அண்ணா. இருக்கறதுலயே சின்னதைப் பிடிச்சிருக்கு."

அவன் தரையைப் பார்த்தான்.

"யாராவது வெளியாளுக்கு வித்திருக்கக் கூடாதா? உனக்கு நான்தான் கிடைச்சேனா?"

"வெளியாளுன்னா மெக்கானிக்கைக் கூட்டிட்டு வருவான்," என்றான் அண்ணன். சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்தவன் போல வாயைப் பொத்திக்கொண்டான்.

அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த சாவியை அவள் நீட்டினாள். தன்னைத் தூக்கி வளர்த்தவன், காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்திருந்தவன், இரண்டடி பின்னால் போனான். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் சாவியோடு நின்றாள். கதவு மெதுவாக, மரியாதையாக, சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வாடகை வண்டியில் வீடு வரும்வரை அவள் வாய்விட்டு அழுதாள். ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாவியை மறுபடி அலமாரியில் பூட்டினாள்.

ஞாயிறு காலை பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டாள். ஓடுகிற வண்டியை எதற்கம்மா உடைக்கிறீர்கள் என்று அவர் வியந்தார். உடைத்து, நசுக்கி, உருக்கவேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றாள். நாலு மணிக்கு இழுவை வண்டியோடு வருவதாக ஒப்புக்கொண்டார். "ஆயில், கூலன்ட் எல்லாம் வடிச்சு வெச்சிருங்க. ஈரத்தோட இருந்தா எங்க யார்டுல உள்ளே விடமாட்டாங்க," என்றார். கணவன் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பேச்சு.

மதியம் இரண்டரை மணி. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மகளை ஹால் சோபாவில் படுக்கவைத்து, தலைமாட்டில் டம்ளரும் சொம்பும் வைத்து, கண்பார்வையில் இருக்கட்டும் என்று ஷெட் கதவை அகலத் திறந்து வைத்தாள். ஷட்டரை இறக்கியிருந்தாள், ஹாலில் இருந்து விழுந்த வெளிச்சம் மட்டும் தரையில் கட்டமாகக் கிடந்தது. சிமென்ட் வாசனை, பழைய ஆயில் வாசனை, அதற்கு மேலே அந்தக் குழந்தை வாசனை. சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, வடிவதைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பைத் தள்ளிக்கொண்டு, முன்பக்கமாக வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். ரேடியேட்டரின் அடியில், வடிகிற ஓட்டையை அடைத்திருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பிளக். இரண்டு நாளாக ஓடாத வண்டி. முகத்துக்கு மேலே கதகதவென்று இருந்தது.

பிளக்கைத் திருகினாள். வரவில்லை. பலம் கொண்டமட்டும் திருகினாள். ஒன்பது வருடப் பிளாஸ்டிக், பிஸ்கட் போல நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது.

ஊற்றியது. வெதுவெதுப்பாக. மணிக்கட்டில் வழிந்து, முழங்கைக்குப் போய், கழுத்தில் இறங்கியது. டப்பில் விழும் சத்தம் முதலில் பெரிதாக இருந்தது, பிறகு நிதானமானது. போகட்டும், எல்லாம் போகட்டும், ஒரு துளி மிச்சமில்லாமல் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஹாலில் டம்ளர் விழுந்து உருண்டது.

தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பம்பருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பட்டை வெளிச்சம். அதில் சோபாவின் கால். சோபாவிலிருந்து தொங்கும் சின்னக் கை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கையின் விரல்கள் சுருங்கின. தோல் எலும்போடு ஒட்டியது. நகங்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

கட்டை விரலை ஓட்டையில் வைத்து அழுத்தினாள்.

நின்றது. அங்கே கையும் அப்படியே நின்றது. அதற்கு மேல் சுருங்கவில்லை. நிமிரவும் இல்லை.

"பொடிசு!"

பதில் இல்லை.

"கண்ணு, அம்மா பாரு. இங்க பாரு."

இல்லை.

தரையில் கிடந்த போன் அதிர்ந்தது. அண்ணன். இடது கையை நீட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, வண்டியை என்ன செய்யப்போற?" மூச்சு வாங்கியது அவனுக்கு. "நேத்தே சொல்லியிருக்கணும். ராத்திரியெல்லாம்... பாப்பா, அதை மட்டும் வடிச்சிடாத."

"வடிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"பாதி போயிடுச்சு. பிளக் உடைஞ்சுடுச்சு. விரலால அடைச்சிருக்கேன். அண்ணா, அவ அசையலை. நான் என்ன செய்ய?"

"எடுத்துடாத," என்றான். "யார் சொன்னாலும் விரலை எடுத்துடாத."

"யார் சொல்லுவா? இங்க யாரு இருக்கா?"

அவன் அழ ஆரம்பித்தான். "உன் அண்ணி சொன்னா. வலிக்குதுன்னா. நான் எடுத்துட்டேன்."

போன் அணைந்தது. அவன் துண்டித்தானா, தானாகவே போனதா தெரியவில்லை.

அழுத்திப் பிடிங்க, கையை எடுக்காதீங்க. தினமும் ஐம்பது பேரிடம் சொல்லும் வார்த்தை. பஞ்சை வைத்து, கையை மடக்கி, ஐந்து நிமிடம். அழுத்தினாள். விரல் நுனியில் ஒரு துடிப்பு தெரிந்தது. தன்னுடையதென்று நினைத்தாள். தன்னுடையது இப்போது படபடவென்று காதில் அடித்துக்கொண்டிருந்தது. இது வேறு. மெதுவாக. உலோகத்துக்கு அந்தப் பக்கமிருந்து. எண்ணினாள். எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு அறுபது. ஐம்பத்தைந்து.

முகத்துக்கு மேலே ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சாவி உள்ளே, அலமாரியில், பூட்டில்.

"அம்மா."

ஹாலிலிருந்து அல்ல.

மேலிருந்து. கிட்டேயிருந்து. ரேடியேட்டரின் தகடுகளுக்கு உள்ளேயிருந்து, தண்ணீருக்குள் பேசுவது போல.

"அம்மா, விரலை எடும்மா. மூச்சு முட்டுது."

முன்பல் இல்லாத வாய். காற்று ஊதும் அதே பேச்சு. அவள் கழுத்தைத் திருப்பினாள். வெளிச்சப் பட்டையில் அந்தக் கை அப்படியே தொங்கியது. முகம் தெரியவில்லை. மார்பு ஏறுகிறதா இறங்குகிறதா, தெரியவில்லை. இங்கிருந்து தெரியாது. எழுந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எடுக்காதே என்றவன் யார்? ஏழு வாரம் வாய் திறக்காதவன். அவன் வார்த்தையை நம்பி, மெக்கானிக் இல்லாமல், கேள்வி இல்லாமல், மகளைப் பின்சீட்டில் உட்கார்த்தி பெல்ட் போட்டுவிட்டவள் இவள். இப்போதும் அவன் வார்த்தைதான். அவன் வார்த்தை மட்டும்தான்.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன். இருட்டா இருக்கு. விடும்மா."

"நீ என் பொண்ணா?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

ஐம்பது. நாற்பத்தெட்டு.

கட்டை விரல் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் அதை உணர்ந்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம், ஈரத்துக்குள் ஏதோ அசைந்தது. நகர்ந்து வந்தது. தேடியது. அவள் விரல் நுனியைக் கண்டுபிடித்து, மெல்ல, பழக்கமாக, தெருவைக் கடக்கும்போது பிடித்துக்கொள்வது போல, உள்ளேயிருந்து ஒரு சின்ன விரல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.